காயலான் கடைக்காரரும் கைவிட்ட படகு!

நம்ம ஊரில் விலை போகாத பொருள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம். பழைய பேப்பரா? தராசும் கையுமாக வாசலில் வந்து நிற்கிறார்கள். ஓட்டை வாளி, பிடி உடைந்த குக்கர், ஓடாத ஃபேன், துருப்பிடித்த சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒரு ரேட் உண்டு. சீப்பில் சிக்கிய தலைமுடியைக் கூட வாங்கிக்கொண்டு பதிலுக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வழுக்கைத் தலையர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் இது வருமானம்!

ஆனால், ஒரே ஒரு பொருளைக் காட்டினால் மட்டும் காயலான் கடைக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிடுவார். காசிமேட்டுப் பக்கம் அந்தப் பேச்சுவார்த்தை நடந்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, ஒரு படகு இருக்கு. எடுத்துக்கிறியா?"

"படகா? மரமா, இரும்பா?"

"ஃபைபர்ண்ணே."

"மெஷின் கீதா?"

"அத்த கழட்டி வித்துட்டேன்."

"பித்தளை, செம்பு எதுனா?"

"அதுவும் கழட்டியாச்சு."

"அப்பால இன்னாத்த தூக்கினு போவச் சொல்றே? நீ துட்டு குத்தாகூட வேணாம்ப்பா, ஆள வுடு!"

காயல்பட்டினத்துக்காரர்கள் ஆரம்பித்த வியாபாரம் என்பதால்தான் காயலான் கடை என்று பெயர் வந்தது என்பார்கள். அதாவது, பேரிலேயே கடற்கரை இருக்கிற கடை. அந்தக் கடையே படகை வேண்டாம் என்கிறதென்றால், விஷயம் கொஞ்சம் சீரியஸ்தான்.

எண்ணூரிலிருந்து கன்னியாகுமரி வரை எந்தக் குப்பத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஓடுகிற படகுகளுக்குப் பின்னால், மணல்மேட்டில், சவுக்குத் தோப்பு ஓரத்தில், முள்செடி மண்டிய இடத்தில் நாலைந்து ஃபைபர் படகுகள் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும். பெயின்ட் வெளுத்து, அடிவயிறு கிழிந்து, உள்ளே நாய் குட்டி போட்டு... ரிட்டையர் ஆகிப் பென்ஷனும் கிடைக்காத ஜீவன்கள். இவற்றை என்ன செய்வது? எரிப்பதா, புதைப்பதா, கடலில் விடுவதா? (கேட்டால் ஏதோ மயானச் சடங்கு மாதிரி இருக்கிறது இல்லையா? கிட்டத்தட்ட அதேதான்.)

★

என்னை மாதிரி பி.காம். படித்த ஜென்மங்களுக்கு 'தேய்மானம்' என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். வாங்கிய விலையில் ஸ்கிராப் வேல்யூவைக் கழி. ஆயுள் எத்தனை வருஷமோ அதால் வகு. அவ்வளவுதான், வருஷத் தேய்மானம் ரெடி. இந்தக் கணக்கில் ஸ்கிராப் வேல்யூ என்பது ஆயிரமாக இருக்கும், ஐந்நூறாக இருக்கும், ரொம்பப் போனால் பூஜ்யமாக இருக்கும். பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, 'இதை ஒழித்துக்கட்ட நீதான் எனக்குப் பணம் தரவேண்டும்' என்று சொல்கிற சொத்தைப் பற்றி எந்தப் பேராசிரியரும் கரும்பலகையில் எழுதிப் போட்டதில்லை. ஃபைபர் படகு அந்த ரகம்.

கட்டுமரத்துக்கு இந்தப் பிரச்னை வந்ததே இல்லை. இங்கிலீஷ்காரன் நம்மிடமிருந்து கடன் வாங்கி 'கேட்டமரான்' என்று வாய்க்குள் போட்டுக் குதப்பிக்கொண்ட அதே கட்டுமரம்தான். நாலைந்து மரத்துண்டு, கயிறு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காயப் போடுவார்கள். காலம் முடிந்தால்? ஒரு துண்டு வேலிக்கு, ஒரு துண்டு வாசல்படிக்கு, மிச்சம் அடுப்புக்கு. கடலுக்குப் போய் மீன் கொண்டுவந்த மரமே அந்த மீனைக் குழம்பாகவும் வைத்துக் கொடுத்துவிட்டுச் சாம்பலாகிப் போகும். கணக்கு நேராயிற்று!

பிறகு ஏன் ஃபைபருக்குப் போனார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான காரணங்கள் இருக்கின்றன. நல்ல மரம் கிடைப்பது குறைந்துபோனது. கிடைத்ததும் யானை விலை. ஃபைபர் அழுகாது, செல்லரிக்காது, மரத்தைத் துளைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிற கடல்புழு அண்டாது. எடை கம்மி. மெஷின் மாட்டினால் சீறிக்கொண்டு போகும். ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து ஆரம்பித்த வங்காள விரிகுடாத் திட்டத்தில், அலையை எதிர்த்துக் கரையேறக்கூடிய சிறு படகுகளை வடிவமைக்கிற வேலையும் நடந்தது. ஆக, மீனவர்கள் ஏமாந்துபோய் ஃபைபருக்கு மாறவில்லை. கணக்குப் பார்த்துத்தான் மாறினார்கள்.

ஆனால், மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்த படகுகள் ஒரேயடியாக வந்து குவிந்தது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு. சுனாமி. நாகப்பட்டினத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீப்பெட்டி மாதிரி அடுக்கிக் கிடந்த ஃபோட்டோவை யார் மறந்திருப்போம்? 'மீனவர்களுக்கு உடனே படகு வேண்டும்' என்று உலகமே பதறியது. அரசாங்கம், தொண்டு நிறுவனங்கள், சங்கங்கள், கம்பெனிகள் என்று ஆளாளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். படகு கட்டும் கொட்டகைகளில் ராவும் பகலும் வேலை. நல்ல மனசோடு செய்த காரியம், குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சில ஊர்களில் கடல் கொண்டுபோனதைவிடக் கரைக்கு வந்திறங்கிய படகு அதிகம். அவசரத்தில் செய்ததால் சில படகுகளில் சரக்கும் சுமார். அப்படி வந்தவற்றுக்கெல்லாம் இப்போது இருபது வயசு. பொண்ணாகப் பிறந்திருந்தால் கல்யாணத்துக்கு வரன் பார்க்கலாம். படகாகப் பிறந்ததால் குப்புறக் கிடக்கிறது.

கொடுத்த படகில் கொடுத்தவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுத மறக்கவில்லை யாரும். படகு செத்தால் யார் தூக்குவது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

★

சரி, இதை உருக்கி வேறு ஏதாவது செய்துவிட்டால் என்ன? பிளாஸ்டிக் குடத்தை உருக்கிப் பக்கெட் செய்கிறார்களே?

இங்கேதான் சூட்சுமம். பிளாஸ்டிக்கில் இரண்டு ஜாதி. ஒன்று வெல்லம் மாதிரி. சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி இளக்கலாம். குடம், பக்கெட், பால் கவர் எல்லாம் இந்த வகை. இன்னொன்று இட்லி மாதிரி! மாவாக இருக்கிறவரை இஷ்டப்படி ஊற்றலாம். ஒரு தடவை வெந்துவிட்டதோ, தலைகீழாக நின்றாலும் இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாது. மேலும் சூடாக்கினால் கருகும், அவ்வளவுதான். படகு செய்கிற பாலியெஸ்டர் ரெசின் இந்த இட்லி ஜாதி.

படகு கட்டும் கொட்டகையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அச்சில் முதலில் கலர் கலந்த ஜெல்கோட் பூசுவார்கள். அதுதான் வெளியே பளபளவென்று தெரிகிற மேல்தோல். அதன்மேல் கண்ணாடி இழையால் ஆன மேட் விரிப்பு. வெள்ளைவெளேரென்று கொசுவலையும் கம்பளியும் கலந்த மாதிரி இருக்கும். அதன்மேல் ரெசின். ரெசினோடு சில சொட்டு கேட்டலிஸ்ட் கலந்ததும் அது தானாகவே சூடேறி இறுகிவிடும். மறுபடி மேட், மறுபடி ரெசின்... மூக்கைத் துளைக்கிற அந்த நெடி இருக்கிறதே, அது ரெசினிலிருந்து வருகிற ஸ்டைரீன். இப்படியே அடுக்கு அடுக்காக ஏற்றிப் படகாக்குகிறார்கள். ஆக, நீங்கள் பார்ப்பது கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் பிரிக்கவே முடியாமல் செய்துகொண்ட கல்யாணம். பிரிக்க முடியாததாலேயே தனித்தனியாக விற்கவும் முடியாது. காயலான் கடைக்காரர் கும்பிடு போட்ட காரணம் இதுதான்.

★

விலை போகாவிட்டால் போகட்டும், கொளுத்திவிடலாம் என்று சில பேர் கிளம்புகிறார்கள். இதைவிட மோசமான யோசனை கிடையாது. ரெசின் நன்றாகவே எரியும். கன்னங்கரேலென்று புகை எழும்பி ஊரையே மூடும். அதில் கார்பன் மோனாக்ஸைடு, ஸ்டைரீன், கரித்துகள் எல்லாம் கூட்டணி. குப்பத்தில் வீடுகள் எத்தனை நெருக்கம் என்பது தெரியும். தொட்டிலில் தூங்குகிற குழந்தை அந்தப் புகையைத்தான் இழுக்கும். சரி, எரிந்து தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கண்ணாடி எரியாதே! ரெசின் மட்டும் போய், கண்ணாடி இழை கந்தல் துணி மாதிரி மணலில் கிடக்கும். காற்று அடித்தால் பறக்கும். கையில் பட்டால் நமைச்சல், மூச்சில் போனால் இருமல்.

புதைக்கலாமா? கடற்கரை மணலில் புதைப்பது பாங்க்கில் டெபாசிட் செய்வது மாதிரி. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும். ஒரு புயல் போதும், நீங்கள் புதைத்ததைக் கடல் தோண்டியெடுத்து வட்டியோடு வாசலில் வைத்துவிட்டுப் போகும்.

கடைசி யோசனை: இழுத்துக்கொண்டு போய் நடுக்கடலில் மூழ்கடிப்பது. 'கடல்ல பொறந்தது கடலோட போகட்டுமே' என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், படகு கவிழ்ந்தாலும் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதானே உள்ளே மிதவை ஃபோம் அடைத்திருக்கிறார்கள்? அது லேசில் மூழ்காது. முக்கால்வாசி தண்ணீருக்குள், கால்வாசி வெளியே என்று மிதந்துகொண்டே இருக்கும். ராத்திரியில் வேகமாக வருகிற இன்னொரு படகு அதன்மேல் ஏறினால் என்ன ஆகும்? அந்தப் படகில் இருப்பவர் பக்கத்து வீட்டு மச்சானாகவே இருக்கலாம். அப்படியே மூழ்கித் தொலைந்தாலும், அடியில் கிடந்து வலையைக் கிழிக்கும். மீன் தங்க இடமாகுமே என்று சிலர் சொல்வதுண்டு. நம் கடலில் செயற்கைப் பாறை அமைப்பவர்கள் கனமான கான்கிரீட்டைத்தான் போடுகிறார்கள். லேசான ஃபைபர் நீரோட்டத்தில் உருண்டு உருண்டு தேய்ந்து தூளாகும்.

அந்தத் தூள் எங்கே போகிறது? இங்கிலாந்தில் சிச்செஸ்டர் துறைமுகம் என்று ஓர் இடம். உல்லாசப் படகுகள் நிறைந்த, படகு ரிப்பேர் வேலைகள் நடக்கிற இடம். பிரைட்டன், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்து ஆளிச் சிப்பியை எடுத்து ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார்கள். ஒரு கிலோ சிப்பிச் சதையில் 11,220 கண்ணாடித் துகள்கள் வரை இருந்தன! சிப்பி தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுகிற பிராணி. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் வயிற்றில் சேரும். அதைச் சாப்பிடுகிறவர்கள் வயிற்றுக்கு? அதற்கு மேல் நான் விளக்க வேண்டாம், நீங்கள் சாப்பிடும் நேரத்தில் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா? பெரும்பாலும் நடப்பது இதுதான். தூக்கிப்போடக் காசு இல்லை, மனசும் இல்லை. குடும்பத்துக்குச் சோறு போட்ட படகு ஆயிற்றே. ஆனால் வெயில் சும்மா இருக்காது. மேல்தோல் சுண்ணாம்பு மாதிரி உதிரும். உள்ளிருக்கும் இழை முள்முள்ளாக வெளியே எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகாலைச் சொறிவார்கள். நிமிர்ந்து கிடக்கிற படகாக இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கி, டெங்கு கொசுவுக்கு இலவச நீச்சல்குளம். ஆகவே இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம்: நிமிர்ந்து கிடப்பதைக் கவிழ்த்துப் போடுங்கள். செலவு பூஜ்யம்.

★

படகு நிஜமாகவே செத்துவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாதிப் படகுகளுக்கு உயிர் இருக்கும்! தினமும் மணலில் இழுபடுவதால் அடிப்பாகம் தேய்வது சகஜம். அதற்கு மேட் வைத்து ரெசின் பூசினால் இன்னும் சில வருஷம் ஓடும். தேறுமா தேறாதா என்று கண்டுபிடிக்க, தர்பூசணி வாங்கும்போது செய்கிற அதே வித்தைதான். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கணீரென்று கேட்டால் நல்ல இடம். 'பொத்' என்று செத்த சத்தம் வந்தால் அடுக்குகள் உள்ளே பிரிந்துவிட்டன. அடுத்து, மெஷின் மாட்டுகிற பின்பலகை. பல படகுகளில் அதற்குள் பிளைவுட் வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்கி அது ஊறிப்போயிருந்தால் மெஷினின் உதைப்பைத் தாங்காது. அங்கங்கே கொஞ்சம் 'பொத்' என்றால் ஒட்டுப்போடலாம். அடிவயிறு முழுக்க 'பொத்' என்றால், ஒட்டுப்போடுவது பழைய லுங்கிக்குப் பட்டுநூலால் தையல் போடுகிற கதை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தேறாத படகுக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்து, விவரம் தெரியாத, கையில் காசு குறைந்த யாருக்காவது தள்ளிவிடுகிற வழக்கம் உண்டு. அந்த ஆள் அதை நம்பித்தான் பத்துக் கடல் மைல் தாண்டிப் போவார். பழைய ஸ்கூட்டர் பாதியில் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். படகு பிளந்தால்? அது விற்பனை இல்லை சார், வேறு பெயர் அதற்கு.

கடலுக்குத்தான் ஆகாது, கரைக்கு ஆகுமா என்றால், ஆகும். வலை, கயிறு போட்டு வைக்கிற தொட்டியாக, கொட்டகைக்குக் கூரையாக, மண் நிரப்பிக் கீரைப் பாத்தியாக வைத்துக்கொள்ளலாம். இழை வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் ஒரு பூச்சு ரெசினோ பெயின்ட்டோ அடித்துவிட வேண்டும். குடிதண்ணீர் பிடித்து வைக்க மட்டும் வேண்டாம். ஆனால் ஊருக்கு ஐம்பது படகு என்றால் ஐம்பது கீரைப் பாத்தி போடமுடியுமா? முளைக்கீரையே திகட்டிவிடும். மிச்சத்துக்கு வேறு வழி தேடித்தான் ஆகவேண்டும்.

★

அந்த வழி எங்கே இருக்கிறது தெரியுமோ? சிமென்ட் ஃபேக்டரியில்!

சிமென்ட் சூளையில் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் போட்டு, சுமார் 1450 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். படகைத் துண்டு துண்டாக நொறுக்கி அதற்குள் போட்டால், ரெசின் எரிபொருளாக எரிந்து நிலக்கரியைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும். கண்ணாடி இழை? அதில் இருப்பது சிலிக்கா, அலுமினா, கால்சியம். எல்லாம் சிமென்ட்டுக்கு வேண்டிய சரக்குகள்தான். சாம்பலைத் தனியே கொட்ட வேண்டிய அவசியமே இல்லை, அதுவும் சிமென்ட்டோடு சிமென்ட்டாகக் கலந்துவிடும். திறந்தவெளியில் எரிப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அந்தச் சூட்டில் புகைக்குள் இருக்கிற விஷச் சரக்கும் எரிந்துபோகும்.

ஜப்பானில் படகுத் தொழில் சங்கமே 2005-லிருந்து பழைய ஃபைபர் படகுகளைச் சேகரித்து, நொறுக்கி, சிமென்ட்டுக்கு அனுப்புகிற ஏற்பாட்டை நடத்திவருகிறது. ஜெர்மனியில் காற்றாலைகளின் பழைய இறக்கைகள் இதே மாதிரி சூளைக்குப் போயிருக்கின்றன. இறக்கையும் ஃபைபர்தானே! (ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ரயிலில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கவும்.)

இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய 2016-ம் வருஷத்துப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளிலேயே இந்த 'இட்லி ஜாதி'ப் பிளாஸ்டிக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதே வருஷம் ஃபைபர் கழிவுக்கென்றே வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது. அதிலும் சிமென்ட் சூளைதான் முதலிடம். அதற்கு வழி இல்லாவிட்டால், நிலத்தடி நீருக்குக் கசியாமல் பாதுகாப்பாக அமைத்த குப்பைக் கிடங்கு.

சட்டம் இருக்கிறது. சூளையும் இருக்கிறது. நம் அரியலூர் வட்டாரமே சிமென்ட் வட்டாரம்தான். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூரைத் தாண்டினால் வந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை. அரியலூர் பூமி கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலாக இருந்த இடம். அங்கே வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லில் இன்றைக்கும் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கின்றன. நம் படகு அங்கே போய்ச் சேர்ந்தால், கடலில் ஆரம்பித்து ஆதிகாலத்துக் கடலிலேயே முடிந்ததாகும்.

அப்புறம் என்ன தடங்கல்? தடங்கல், தனி ஆள். ஒரு மீனவர் ஒரு படகைத் துண்டுபோட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஃபேக்டரி வாசலில் நின்றால், செக்யூரிட்டி உள்ளேயே விடமாட்டார். அவர்களுக்கு ஒரே அளவான துண்டுகள், டன் கணக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு வரவேண்டும். ஒற்றைப் படகுக்கு லாரி வாடகை கொடுத்தால் மீனவர் கையில் இருக்கிற வலையையும் விற்க வேண்டியதுதான். ஆனால் ஒரு ஊர், அல்லது நாலு ஊர் சேர்ந்து, மீனவர் கூட்டுறவுச் சங்கம் மூலமாக மனுப் போட்டு, ஒரே இடத்தில் நொறுக்கி ஒரே லாரியில் அனுப்பினால், கணக்கே வேறு. மனுவை மீன்வளத் துறை உதவி இயக்குநரிடமும் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் கொடுக்கலாம். கலெக்டரின் குறைதீர் நாளில் ஒரு காப்பி கொடுத்தால் கூடுதல் பலம். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

★

துண்டு போடும் வேலை சாதாரணமில்லை. முதலில் மெஷின், பேட்டரி, டீசல், மண்ணெண்ணெய், இரும்பு, ஃபோம், கயிறு எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட வேண்டும். இதில் இரும்புக்கும் மெஷினுக்கும் நம் காயலான் கடை அண்ணன் காசு கொடுப்பார். அடித்த எண்ணெயும் அழுக்கும் மணலில் சிந்தக்கூடாது.

அறுக்கிறபோது கிளம்புகிற தூசிதான் எமன். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஊசிகள் அவை. லுங்கியை மடித்துக்கட்டி, முகத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிங் மெஷினைப் பிடிக்கிற அண்ணன்மார்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. துண்டு பத்தாது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பெயர் கற்றுக்கொண்ட அந்த என்-95 மாஸ்க்காவது வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை. அறுக்கிற இடத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் தூசி பறக்காது. கரண்ட் மெஷினும் தண்ணீரும் ஆகாத கூட்டணி என்பதால் இதைப் பழகிய ஆள்தான் செய்ய வேண்டும். மணல்மேல் வைத்து அறுக்காமல் தார்ப்பாய் விரித்து, விழுந்த தூளையெல்லாம் கூட்டிச் சாக்கில் கட்டவேண்டும். வேலை முடிந்ததும் சொறியாமல் நிறையத் தண்ணீரில் அலசிக் குளிக்க வேண்டும். போட்டிருந்த துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது.

காகித வேலை ஒன்றும் இருக்கிறது. படகின் மூக்கில் 'ஐஎன்டி டிஎன்' என்று ஆரம்பிக்கிற பதிவு எண் எழுதியிருக்கும். படகு செத்த பிறகும் அந்த எண் மீன்வளத் துறை ஏட்டில் உயிரோடு இருந்தால், புதுப் படகுக்குப் பதிவும் மானிய எண்ணெயும் வாங்கப் போகும்போது சிக்கல் வரும். அந்த நம்பரை வேறு யாராவது வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் தலைவலி பழைய ஓனருக்குத்தான். அதனால் அறுப்பதற்கு முன் நம்பர் தெரிய ஃபோட்டோ, அறுத்த பின் ஒரு ஃபோட்டோ எடுத்து, துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்துவிட வேண்டும்.

★

கடைசியில் எல்லாம் ஒரு கேள்வியில் வந்து முட்டுகிறது: செலவு யாருடையது?

நார்வேயில் 2017-லிருந்து சிறிய பழைய உல்லாசப் படகைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் கையில் 1000 குரோனர் கொடுக்கிறார்கள். பிரான்ஸில் 2019-ல் படகு செய்கிறவர்களும் இறக்குமதி செய்கிறவர்களும் பணம் கட்டி ஒரு அமைப்பை ஆரம்பித்தார்கள். படகுக்காரர் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், உடைக்கிற செலவு அவர்களுடையது. இத்தனைக்கும் அங்கே படகு என்பது ஞாயிற்றுக்கிழமை ஜாலிக்கு. இங்கே அது அரிசி, பருப்பு, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். ஜாலிப் படகுக்காரனுக்கே உதவி கிடைக்கிறபோது, நம் ஆளைப் பார்த்து 'நீயே லாரி பிடி' என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் பாரம்பரிய மீனவர்கள் பழைய படகை மாற்றிப் புதுசு வாங்க மானியம் உண்டு. டி.வி.க்கும், மிக்ஸிக்கும், பிரஷர் குக்கருக்கும் எக்ஸ்சேஞ்ச் மேளா நடத்துகிற ஊரில், படகுக்கு நடத்தினால் என்ன? பழைய படகைக் கொண்டுவந்து துறையிடம் ஒப்படை, புதுசுக்கு மானியத்தைக் கூடுதலாகப் பெற்றுக்கொள் என்று ஒரு வரி சேர்த்தால் பாதிக் கடற்கரை சுத்தமாகிவிடும். படகு கட்டிக் கொடுக்கிற யார்டுகளும் விலையிலேயே ஒரு சின்னத் தொகையை இதற்கென்று சேர்த்து வைக்கலாம். உருக்கித் திரும்பப் பயன்படுத்தக்கூடிய வெல்ல ஜாதி ரெசினும் இப்போது மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. விலைதான் இன்னும் மேல்தட்டு.

அதுவரைக்கும் என் பங்குக்கு ஒரு பி.காம். யோசனை. சொத்தின் ஆயுள் முடிகிறபோது கையில் பணம் இருக்கட்டும் என்று வருஷா வருஷம் ஒதுக்கி வைக்கிற தொகைக்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. 'சிங்க்கிங் ஃபண்ட்'! மூழ்குகிற நிதி. படகுக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆகவே வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போய் வருகிற ஒவ்வொரு நாளும் படகுக்கு 5 ரூபாய் சங்கத்தில் கட்டினால், வருஷத்துக்கு 200 நாள் என்று வைத்தாலும் 1,000 ரூபாய். 15 வருஷத்தில் 15,000. வட்டி தனி. ஒரு டீயைவிடக் குறைந்த காசு. ஒரு ஊரில் ஐம்பது படகு இப்படிச் சேர்த்தால் ஏழரை லட்சம். அதை வைத்துக்கொண்டு பேசினால் லாரிக்காரரும் மரியாதையாகப் பேசுவார், நொறுக்குகிற கான்ட்ராக்டரும் ஊருக்கே வந்து நிற்பார்.

எதைச் செய்வதாக இருந்தாலும் ஐப்பசிக்கு முன்னால் செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அறுக்கவும் முடியாது, மணலுக்குள் லாரியும் வராது. பாதி உடைந்து கிடப்பதைக் கடல் தானே எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துக் குப்பத்து வாசலில் போட்டுவிட்டு வந்துவிடும். அப்புறம் அந்த ஊர் நாட்டாமைக்கு யார் பதில் சொல்வது?